பெற்றோருக்குப் புற்றுநோய்: பக்கத்தில் நின்று பார்க்கிறவர் தன்னைக் காத்துக்கொள்வது எப்படி

பயாப்சி முடிவு வந்த அன்றே வீட்டுக்குள் ஒரு ஃபைல் வந்துவிடும். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மருந்துச் சீட்டு, பில் எல்லாம் அதற்குள் போகும். அந்த ஃபைலில் கடைசியாக ஒரு தாளைச் செருகி, தலையில் உங்கள் பெயரை எழுதுங்கள். உங்கள் பிரஷர், சர்க்கரை, எடை, நீங்கள் சாப்பிடும் மாத்திரை, நேற்று ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதையெல்லாம் வாரம் ஒருமுறையாவது அதில் குறித்து வையுங்கள். அப்பாவின் ரத்த அணுக்களை எண்ணுகிற அதே ஒழுங்கோடு இதையும் செய்ய வேண்டும் என்பதுதான் நான் எல்லோரிடமும் முதலில் சொல்வது.

நான் நாகர்கோவில் பக்கம். தொடக்கப் பள்ளி ஆசிரியை. அப்பாவுக்குத் தொண்டையில் புற்று. எங்கள் மாவட்டத்தில் பலரும் போவதுபோல நாங்களும் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. என்ற மண்டலப் புற்றுநோய் மையத்துக்குத்தான் போனோம். கதிர்வீச்சு, கீமோ, மூக்கு வழியாக ட்யூப், கொஞ்ச காலம் நல்ல நிலை, பிறகு நோய் திரும்பி வந்தது. கடைசி மாதங்களை வீட்டிலேயே கழித்தார். அவர் போய்ச் சில வருடம் ஆகிறது. இப்போது ஊரில் ஒரு வீட்டில் இந்த நோய் என்றால் யாராவது என் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதுகிறேன். மருந்து அளவுகளை உங்கள் டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் நான் சொல்ல முடியும்.

பார்த்துக்கொள்கிறவரின் களைப்பு மனசோடு நின்றுவிடுவதில்லை. 1995ல் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனை செய்தார்கள். மறதி நோய் வந்த உறவினரைப் பராமரித்த 13 பெண்கள், அதே வயதில் அப்படிப் பொறுப்பு இல்லாத 13 பெண்கள். எல்லோருக்கும் முன்கையில் 3.5 மில்லிமீட்டர் அளவில் சின்னக் காயம் ஒன்றை உண்டாக்கி, ஆறுகிறதா என்று பார்த்தார்கள். பராமரித்தவர்களுக்குக் காயம் ஆற சராசரியாக 9 நாள் கூடுதலாக ஆனது. மீன் வெட்டும்போது என் விரலில் பட்ட காயம் வாரக்கணக்கில் ஆறாமல் கிடந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். நோய் வேறு, ஆனாலும் இரவும் பகலும் முறிந்துபோன உடம்பு எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

முதலில் ராத்திரியைச் சரிசெய்யுங்கள்

யோகா செய், நடைப்பயிற்சி போ, உனக்கென்று நேரம் ஒதுக்கு என்று பலர் சொல்வார்கள். தூங்காத ஆளுக்கு இதில் எதுவும் கைகூடாது. பராமரிப்பவருக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் தூக்கம். அதற்கு ஒரே வழி நோயாளியின் ராத்திரியைச் சரிசெய்வது. அவர் ஏன் விழிக்கிறார் என்று ஒரு வாரம் நேரத்தோடு எழுதுங்கள். வலியா, மூத்திரமா, இருமலா, பயமா, வெறும் விழிப்பா? அந்தத் தாளை டாக்டரிடம் காட்டுங்கள். "ராத்திரி தூங்க மாட்டேங்கிறார் டாக்டர்" என்று பொதுவாகச் சொன்னால் ஒரு தூக்க மாத்திரை கிடைக்கும். தாளைக் காட்டினால் மருந்தின் நேரங்கள் மாறும்.

கேட்க வேண்டியவை இவை. ஸ்டீராய்டு மாத்திரை இருந்தால் அதைக் காலையிலேயே கொடுத்துவிடலாமா? சாயங்காலம் கொடுத்தால் அது தூக்கத்தைக் கெடுக்கும். நீர் பிரியும் மாத்திரையையும் காலைக்கு மாற்றலாமா? ட்யூப் வழியாக உணவு கொடுக்கிறோம் என்றால் கடைசி உணவை எத்தனை மணிக்கு நிறுத்தலாம்? நாங்கள் ஒன்பது மணிக்கு முன்னால் முடித்துவிடுவோம். கொடுத்த பிறகு அரை மணி நேரமாவது சாய்ந்து உட்கார வைக்க வேண்டும், உடனே படுக்க வைத்தால் மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அந்த அரை மணி நேரத்தையும் கணக்கில் சேர்த்தால்தான் பத்து மணிக்கு விளக்கை அணைக்க முடியும்.

வலிதான் பெரும்பாலான ராத்திரிகளைத் தின்கிறது. மார்பின் என்ற வலி மருந்தின் பேரைக் கேட்டதும் எங்கள் வீட்டிலும் பயந்தார்கள். "அது கொடுத்தா பழகிப் போயிருமே, அது கடைசி மருந்தில்லா?" என்று சித்தி கேட்டாள். டாக்டர் சொன்ன அளவில் புற்றுநோய் வலிக்காகக் கொடுக்கும்போது அந்தப் பயத்துக்கு இடமில்லை. உடனே வேலை செய்யும் மார்பின் மாத்திரையை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். அப்படியானால் நடுராத்திரி இரண்டு மணிக்கும் எழுப்ப வேண்டுமே? அதற்காகப் படுக்கும் முன் கொடுக்கும் டோஸை டாக்டர் கூட்டிக் கொடுத்து, நடுராத்திரி டோஸைத் தவிர்க்கும் வழக்கம் பாலியேட்டிவ் மருத்துவத்தில், அதாவது வலியையும் தொல்லையையும் தணிக்கும் சிகிச்சையில், உண்டு. உங்களவருக்கு அது பொருந்துமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. இன்னொன்று, மார்பின் மலச்சிக்கல் தரும். கூடவே பேதி மருந்தும் முதல் நாளிலிருந்தே எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஐந்து நாள் வெளிக்குப் போகாத ஆள் தூங்கமாட்டார், உங்களையும் தூங்கவிடமாட்டார்.

இந்தியாவில் மார்பின் கிடைப்பதில் இருந்த சிக்கல்கள் 2014ல் சட்டத்தைத் திருத்திய பிறகு குறைந்தன. ஆனாலும் எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில்தான் தருவார்கள். பாலியேட்டிவ் கேர் என்றதும் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். சிகிச்சை நடக்கும்போதே அங்கும் பதிந்துகொள்ளலாம், பதிந்துகொள்ள வேண்டும். எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் திருவனந்தபுரத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் 2003ல் தொடங்கிய பாலியம் இந்தியா என்ற பாலியேட்டிவ் கேர் அமைப்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்புச் சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயர் கொடுங்கள். நோயாளிக்கென்று வருகிற நர்ஸிடம் உங்கள் பிரஷரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு சின்னச் சாமான்கள். வயர்லெஸ் காலிங் பெல் ஒன்று வாங்கி, பட்டனை அவர் கையருகில் கட்டிவிடுங்கள். அப்பாவுக்குக் குரல் போய்விட்டிருந்தது. பெல் வருவதற்கு முன் அம்மாவும் நானும் அவர் மூச்சுச் சத்தத்தைக் கேட்டபடியே படுத்திருந்தோம். அப்படிப் படுத்தால் உடம்பு கிடக்கும், காது விழித்திருக்கும். பெல் வந்த பிறகு அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க முடிந்தது. யூரின் பாட், தண்ணீர், துப்பும் கிண்ணம், துவர்த்து (துண்டு), டார்ச் எல்லாம் கட்டிலுக்கு அருகில் ஒரே ஸ்டூலில் இருக்கட்டும். படுத்த படுக்கையானவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கச் சொல்வார்கள். ஏர் பெட் போட்டிருந்தால் இரவில் அந்த இடைவெளியைக் கொஞ்சம் நீட்டலாமா என்று தோலைப் பார்த்துவிட்டு நர்ஸ் சொல்வார்.

வீட்டில் இரண்டு பேர் இருந்தால் ராத்திரியைப் பாதியாகப் பங்கிடாதீர்கள். இன்று முழு ராத்திரி உங்களுக்கு, நாளை முழு ராத்திரி இன்னொருவருக்கு. பாதி ராத்திரி தூங்கியவர் இருவருமே மறுநாள் தள்ளாடுவார்கள். முழுக்கத் தூங்கியவர் ஒருவராவது வீட்டில் இருந்தால் மருந்து மாறிப் போகாது.

தூக்குவது, புரட்டுவது, குளிப்பாட்டுவது

இடுப்பு போனால் திரும்ப வராது. நாற்பது தாண்டியவர்கள் இந்தப் பகுதியை நர்ஸை வைத்து ஒருமுறை செய்து பழகுங்கள்.

கட்டில் தாழ்வாக இருந்தால் நாலு காலுக்கும் மரக்கட்டை வைத்து உங்கள் இடுப்பு உயரத்துக்கு ஏற்றுங்கள். இன்னும் எழுந்து நடக்கிறவராக இருந்தால் வேண்டாம், அவர் கால் தரையில் படாது. பழைய இரட்டை வேட்டியை மடித்து அவருடைய தோளிலிருந்து தொடை வரை அடியில் விரித்து வைத்தால் ஆளைத் தொட்டு இழுக்க வேண்டியதில்லை, இருவர் இரு பக்கம் வேட்டியைப் பிடித்து நகர்த்திவிடலாம். தனியாகப் புரட்டும்போது உங்களுக்கு எதிர்ப்பக்கத்து முழங்காலை மடக்கி, ஒரு கையை அவர் தோளிலும் ஒரு கையை இடுப்பிலும் வைத்து உங்களை நோக்கி உருட்டுங்கள். எழுப்பும்போது நேராக இழுக்கக் கூடாது. பக்கவாட்டில் திருப்பி, காலைக் கீழே விட்டு, முழங்கையை ஊன்றச் சொல்லி உட்கார வைத்த பிறகு ஒரு நிமிடம் பொறுங்கள், தலை சுற்றும். நிற்க வைக்கும்போது அவர் முழங்கால்களுக்கு முன்னால் உங்கள் முழங்கால்களை அணைகொடுத்து, அவர் இடுப்பில் சுற்றிக் கட்டிய துவர்த்தைப் பிடியுங்கள். உங்கள் கழுத்தைப் பிடித்துத் தொங்க எந்தக் காரணம் கொண்டும் விடாதீர்கள். விழப் போகிறார் என்றால் தாங்கிப் பிடிக்கப் பார்க்காமல் உங்கள் உடம்போடு சரியவிட்டு மெல்லத் தரையில் இறக்குங்கள்.

குளிப்பாட்டுவது வேறு வகைக் கஷ்டம். மகள் அப்பாவையும் மகன் அம்மாவையும் கழுவித் துடைக்க வேண்டிவரும்போது இருவருக்கும் உள்ளே ஏதோ கூசும். முதல் தடவைகளில் அப்பா கண்ணை மூடிக்கொண்டுவிடுவார். எங்களுக்கு உதவியவை இரண்டு. தொடுவதற்கு முன் சொல்வது: "அப்பா, இப்ப முதுகு துடைக்கப் போறேன்." பிறகு, மேலே ஒரு லுங்கியைப் போர்த்திவிட்டு, அவரால் முடிகிற வரை மறைவிடத்தை அவரே கழுவும்படி ஈரத்துணியைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நிற்பது. கை தளர்ந்த பிறகு வாரம் சில நாள் ஆண் ஹோம் நர்ஸ் வந்தார். காசு செலவழிக்க ஒரே ஒரு இடம்தான் உண்டு என்றால் இதில் செலவழியுங்கள். அப்பாவின் மானமும் உங்கள் முதுகும் ஒரே செலவில் தப்பும்.

கீமோ கொடுத்த பிறகு 48 மணி நேரம் வாந்தி, மூத்திரம், மலம் எதையும் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அந்தத் துணிகளைத் தனியாகத் துவையுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலை அவருக்கு வேண்டாம்.

புண் வெளியே திறந்துவிட்டால் வாடை வரும். இதை யாரும் பேசமாட்டார்கள். சாப்பாடு இறங்காது, பேத்தி அறைக்குள் வரமாட்டாள், நோயாளி அதைக் கவனித்துவிடுவார். சகித்துக்கொண்டுதான் ஆக வேண்டும் என்று இருந்துவிடாதீர்கள். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவிக் கட்டுவது பாலியேட்டிவ் நர்ஸ்கள் வழக்கமாகச் செய்வது, வாடையை நன்றாகக் குறைக்கும். கேட்டுச் செய்யுங்கள். தலை, கழுத்துப் புற்றுக்காரர் வீட்டில் ஒரு அடர் நிறத் துண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். திடீரென்று ரத்தம் பெருகினால் வெள்ளைத் துணியில் அந்தச் சிவப்பு அவரையும் உங்களையும் நிலைகுலைய வைக்கும்.

பயத்தைத் தாளில் எழுதி ஒட்டுங்கள்

எந்த நேரத்தில் எது நடக்குமோ என்ற பதற்றம் வேலையைவிட அதிகமாகக் களைக்க வைக்கும். டாக்டரிடம் கேட்டு, "எப்போது ஓட வேண்டும்" என்று ஒரு தாள் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். எங்கள் தாளில் இருந்தவை: கீமோ எடுத்த ஆளுக்குக் காய்ச்சல் 100.4 ஃபாரன்ஹீட்டை எட்டினால் விடியும்வரை காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனை. மூச்சுத் திணறல். நிற்காத ரத்தம், கரிய மலம். திடீரென்று கால் வலுவிழந்து, மூத்திரம் போக முடியாமல் ஆனால் அன்றைக்கே மருத்துவமனை, தண்டுவடம் நசுங்கினால் அப்படி வரும். ட்யூப் வெளியே வந்துவிட்டால் நீங்களே திரும்ப நுழைக்கக் கூடாது. அதற்குக் கீழே யாருக்கு முதலில் போன் செய்வது, எந்த ஆட்டோக்காரர் ராத்திரி எடுப்பார் என்று இரண்டு நம்பர். இதில் இல்லாத எதுவும் காலைவரை பொறுக்கும் என்று டாக்டரே சொன்ன பிறகுதான் அம்மாவுக்கு மூச்சு விட முடிந்தது.

கேலண்டரிலும் கீமோ நாளிலிருந்து எண்ணிக் குறியுங்கள். முதல் சில நாள் வாந்தி, சோர்வு. ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை பொதுவாக ரத்த அணுக்கள் இறங்கியிருக்கும், கூட்டத்தைத் தவிர்க்க வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ என்றால் மூன்றாவது வாரம் பெரும்பாலும் கொஞ்சம் தெளிவாக இருப்பார்கள். அந்த வாரம் உங்களுடையது. உங்கள் பல் டாக்டர், பிள்ளையின் பள்ளிக்கூடம், பேங்க் வேலை, பகல் தூக்கம் எல்லாவற்றையும் அதில் வையுங்கள். என் தலைமையாசிரியையிடமும் இந்தக் கேலண்டரைக் காட்டித்தான் விடுப்பைப் பேசினேன். தேதி தெரிந்தால் பள்ளியில் மாற்று ஏற்பாடு செய்ய முடிகிறது, ஒவ்வொரு தடவையும் கெஞ்ச வேண்டியதில்லை.

மருத்துவமனை நாட்களுக்கும் ஒரு வார்த்தை. கூட வருகிற பெண்கள் டோக்கன் போய்விடுமோ என்று மூத்திரத்தை அடக்கிக்கொண்டு, தண்ணீரும் குடிக்காமல் இருப்பார்கள். நீர்க்கடுப்பு வந்து அவர்களுக்கு ஒரு மருந்துச் சீட்டு ஆரம்பமாகும். பக்கத்து நாற்காலிக்காரரிடம் டோக்கனைக் காட்டி, "கூப்பிட்டா சொல்லுங்க" என்று விட்டுப் போங்கள், எல்லோரும் உதவுவார்கள். சோறோ கஞ்சியோ வீட்டிலிருந்து கொண்டுபோய்ப் பதினொரு மணிக்கே சாப்பிட்டுவிடுங்கள். ரயிலில் போகிறவர்கள் மருத்துவமனையில் ரயில்வே படிவத்தைக் கையெழுத்து வாங்கி முன்பதிவுக் கவுண்டரில் கொடுங்கள். சிகிச்சைக்காகப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, கூட வருகிற ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. ஏழையாக இருந்தால்தான் கேட்க வேண்டும் என்றில்லை. உட்கார்ந்து போகிறதைப் படுத்துப் போனால் அன்றைய ராத்திரியும் உங்களுக்கு மிஞ்சும்.

கூடப் பிறந்தவர்கள்

என் தம்பி மஸ்கட்டில். எங்கள் மாவட்டத்தில் இது வழக்கமான குடும்பம்தான்: ஒருவர் வளைகுடாவில், ஒருவர் கட்டில் பக்கத்தில். வாரம் ஒருமுறை போனில், "அக்கா, பணம் போதுமா?" என்பான். "பணம் போதும், ராத்திரிக்கு ஆள் வேணும்" என்று சொன்ன நாளிலிருந்துதான் எங்களுக்குள் பேச்சு சரியானது. தூரத்தில் இருக்கிறவருக்கு அனுப்புவதைத் தவிர என்ன செய்வதென்று தெரியாது. சொல்லிக் கொடுங்கள், எழுதிக் கொடுங்கள்.

தூரத்திலிருந்தே செய்யக்கூடியவை நிறைய. ரயில் டிக்கெட் பார்ப்பது, காப்பீட்டுக் காகிதங்கள், ஸ்கேன் எல்லாவற்றையும் போனில் ஏற்றி வைப்பது, ஹோம் நர்ஸுக்கு மாதச் சம்பளம், டாக்டர் பேசும்போது வீடியோவில் கூட இருந்து கேள்வி கேட்பது. எல்லாவற்றையும்விட உறவினர்களுக்குத் தகவல் சொல்லும் வேலையை அவரிடம் தள்ளிவிடுங்கள். ஒரே சேதியை இருபது பேருக்குத் திருப்பிச் சொல்வது ஒருவரை உடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை தம்பி குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரு குரல் பதிவு போடுவான். அதற்குமேல் கேட்பவர்கள் அவனைக் கேட்க வேண்டும்.

விடுப்பைப் பற்றிக் கண்டிப்பாகப் பேசுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் லீவை "அந்த நேரத்துக்கு" என்று சேர்த்து வைப்பார்கள். சாவுக்கு வருவதைவிட ராத்திரி காவலுக்கு வருவது பெரிது. அப்பாவோடு பேச முடிகிற காலத்தில் பத்து நாள் வந்து நின்று, உங்களை வெளியே அனுப்பச் சொல்லுங்கள். பத்து நாளும் மருந்து கொடுத்து, பாட் எடுத்துவிட்டுப் போகிறவர் அப்புறம் போனில் அறிவுரை சொல்லமாட்டார்.

"ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்கும் அக்கம்பக்கத்தாரிடம் "ஒண்ணும் வேண்டாம்" என்பது நம் எல்லோருக்கும் வாயில் வருகிற பதில். சமையலறைச் சுவரில் ஒரு பட்டியல் வையுங்கள்: கேஸ் பதிவு, மகளை டியூஷனிலிருந்து கூட்டி வருவது, வெள்ளிக்கிழமை மதியக் குழம்பு, சாயங்காலம் ஒரு மணி நேரம் அப்பா பக்கத்தில் உட்காருவது. கேட்டவரிடம் அதைக் காட்டுங்கள். முள் சீத்தாப்பழம் கொடு, அந்த வைத்தியரிடம் போ என்பவர்களிடம் வாதாடிச் சக்தியைச் செலவழிக்காதீர்கள். "டாக்டர்ட்ட கேட்டுட்டு சொல்லுகேன்" என்று சொல்லி முடித்துவிடுங்கள். மனிதர்களிடம் அந்தப் பழம் புற்றுநோயைக் குணமாக்கும் என்று நிரூபித்த சிகிச்சைப் பரிசோதனை எதுவும் இல்லை.

"அவர்கிட்ட சொல்லாதே"

இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் நோயின் பேரை நோயாளியிடம் மறைப்பது அன்பு என்று எண்ணுகிறோம். எல்லோரும் சேர்ந்து முடிவெடுப்பார்கள், கூடவே இருக்கிற பிள்ளைதான் அந்தப் பொய்யை நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும். ஃபைலை மறைத்து வைப்பது, போனை வெளியே போய்ப் பேசுவது, டாக்டரின் அறை வாசலில் கண்ணைக் காட்டுவது. நான் பார்த்த வீடுகளில் பராமரிப்பவரை மிக வேகமாக உருக்குவது இதுதான். நோயாளிக்கோ, பெரும்பாலும் தெரிந்திருக்கும். ஆர்.சி.சி. பலகையைத் தினமும் பார்த்துக்கொண்டு உள்ளே போகிற ஆளுக்குத் தெரியாதா? அவர் உங்களுக்காகத் தெரியாததுபோல் இருப்பார். இரண்டு பேரும் தனித்தனியே அழுவீர்கள்.

எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டச் சொல்லவில்லை. முதலில் கேளுங்கள்: "அப்பா, டாக்டர் சொல்றதெல்லாம் உங்களுக்குத் தெரியணுமா, இல்ல நான் மட்டும் கேட்டுக்கிடட்டுமா?" சிலர் "நீயே பாத்துக்கோ" என்பார்கள், அதுவும் அவர் எடுத்த முடிவு. என் அப்பா, "என் உடம்பைப் பத்தி எனக்குத் தெரியாண்டாமா மக்களே?" என்று சிலேட்டில் எழுதிக் காட்டினார். அதற்குப் பிறகு கேள்விகள் சின்னச் சின்னதாக வந்தன. கேட்டதற்கு மட்டும், கேட்ட அளவுக்குப் பதில் சொன்னேன். தெரியாததற்கு டாக்டரைக் காட்டினேன். பேங்க் கணக்கு, வீட்டுப் பத்திரம், யாரை வரவழைக்க வேண்டும், ஐ.சி.யூ.வில் குழாய் போட வேண்டுமா, வீட்டிலேயே இருக்க வேண்டுமா என்பதையெல்லாம் அவரே சொன்னார். கடைசி வாரத்தில் உறவினர் சூழ்ந்து நின்று, "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்று அழுத்தியபோது, "அப்பா எழுதி வச்சிருக்கார்" என்று சொல்ல என்னிடம் ஒரு காகிதம் இருந்தது. அந்தச் சுமை என் தலையில் ஏறவில்லை.

பிள்ளைகளிடமும் மறைக்காதீர்கள். என் மகள் அப்போது பிளஸ் டூ. படிப்பு கெடும் என்று எல்லோரும் தடுத்தார்கள். விஷயத்தைச் சொன்ன பிறகுதான் அவள் தாத்தாவின் அறையில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள்.

கோபமும் அந்த நினைப்பும்

மாதக்கணக்கில் பார்த்துக்கொள்கிற எவருக்கும் கோபம் வரும். மருந்தைத் துப்பினால் வரும், வந்து பார்க்காத அண்ணன் மேல் உள்ளது அம்மா மேல் பாயும். வருகிறது என்று தெரிந்ததும், அவர் பத்திரமாகப் படுத்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு அறையைவிட்டு வெளியே போங்கள். முகம் கழுவுங்கள், முற்றத்தில் நடங்கள். திரும்பி வந்து, "களைப்பா இருக்கு, உங்க மேல கோபம் இல்ல" என்று சொல்லுங்கள். நம் வீடுகளில் பெற்றோரிடம் இப்படிப் பேசிப் பழக்கமில்லை, ஆனாலும் சொல்லுங்கள். தான் பாரமாகிவிட்டோம் என்ற எண்ணம் அவரைத் தின்பதை அந்த ஒரு வரி கொஞ்சம் நிறுத்தும்.

இன்னொன்று, "சீக்கிரம் முடிஞ்சா நல்லது" என்ற நினைப்பு. நடுராத்திரியில் தோன்றும், தோன்றியதும் நெஞ்சு பதறும். என்னிடம் பேசுகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கடைசியில் இதைத்தான் கேட்கிறார்கள், "எனக்கு இப்படித் தோணுதே, நான் பாவியா?" இல்லை. அவர் படும் பாட்டைப் பார்க்க முடியாததால் வரும் நினைப்பு அது. தூக்கம் இல்லாததாலும் வரும். கூட இருந்து பார்த்தவர்களிடம் கேளுங்கள், எனக்கும் வந்தது என்பார்கள். அதை ஒரு ஆளிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். தோழியோ, நர்ஸோ, பாதிரியாரோ, யாரானாலும் சரி, அறிவுரை சொல்லாமல் கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கம் வாய்த்தாலும் தூங்க முடியாமல், சாப்பாடு இறங்காமல் இருந்தால் அது களைப்பைத் தாண்டிவிட்டது. மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணும் உண்டு. தானே செத்துப்போகலாம் என்று தோன்றினால் அந்த ராத்திரியே கூப்பிடுங்கள், அன்று நோயாளியின் பொறுப்பை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

எனக்கும் வருமா?

பராமரிக்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் இந்தப் பயம் உள்ளுக்குள் ஓடும். தொண்டையில் ஏதாவது உறுத்தினால் எனக்கு உயிர் போகும். அதனால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். புற்றுநோய்களில் சுமார் 5 முதல் 10 சதவீதம் மட்டுமே பரம்பரை மரபணுவால் நேரடியாக வருபவை. அப்பாவுடையதுபோல வாய், தொண்டைப் புற்றில் பீடியும் புகையிலையும் மதுவும்தான் பெரிய காரணம். குடும்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு மார்பகம், சினைப்பை, குடல் புற்று இளம் வயதில் வந்திருந்தால் மரபணு ஆலோசனை வேண்டுமா என்று சிகிச்சை தருகிற டாக்டரிடமே கேளுங்கள்.

அதோடு விட்டுவிடாமல் உங்கள் பரிசோதனைகளையும் முடித்துவிடுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயது தாண்டியவர்களுக்கு பிரஷர், சர்க்கரையோடு வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுக்கான ஆரம்பப் பரிசோதனையும் இலவசம். அப்பாவின் கீமோ இடைவெளியில் வரும் அந்த மூன்றாவது வாரத்திலேயே போய்விட்டு வந்து, முடிவை ஃபைலின் கடைசித் தாளில் தேதியோடு எழுதுங்கள்.